பழைய மருத்துவ இதழும் ஒரு தசமப் புள்ளியும்

நெல் வெட்டும் மெசின் எங்கள் வயலுக்கு வந்த அன்று காலையில்தான், ஒரு பழைய கட்டுரையின் அட்டவணையில் புள்ளி ஒன்று விழுந்துபோயிருப்பதைக் கண்டேன். மருந்தின் அளவைச் சொல்லும் இடத்தில் இருக்கவேண்டிய தசமப் புள்ளி. அது இல்லாததால் அரை என்பது ஐந்தாகிவிட்டிருந்தது.

நான் டொக்டர் இல்லை. உருத்திரபுரத்தில் என் மனிசன் நெல் விதைக்கிறார். நான் வீட்டு முன்னறையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு, சென்னையில் வெளிவரும் ஒரு மருத்துவ இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். டொக்டர்மார் தாங்கள் கண்ட நோய்களையும் செய்த சிகிச்சைகளையும் மற்ற டொக்டர்மாருக்காக எழுதும் இதழ் அது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி இன்றைக்கும் மாதம் தவறாமல் வருகிறது. வாய்க்கால் ஓரத்து வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு வேலை செய்ய எப்படி வாய்த்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவள் நான். முகாமில் இருந்தபடியே பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி. தாவரவியல் படித்து முடித்து வேலை தேடியபோது, முகாம் விலாசத்தைப் பார்த்ததும் பல இடங்களில் முகம் மாறியது. இந்த இதழின் அலுவலகத்தில் மட்டும், இங்கிலீஷ் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பாயா என்று கேட்டு ஒரு தாளைத் தந்தார்கள். கண்டுபிடித்தேன். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு முகாமுக்குத் திரும்பிய பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து, யாருக்கும் தெரியாமல் அழுதேன். துக்கத்தில் இல்லை.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகவேண்டிய மாடியில் இருந்தது. மெய்ப்புப் பகுதியில் என்னைவிட மூத்த பெண் ஒருவர் இருந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அங்கே மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருத்தி டொக்டர் அனுப்பிய மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள். மற்றவள் அச்சுக்கோத்த தாளில் விரலை வைத்துத் தொடர்வாள். கமாவையும் அடைப்புக்குறியையும்கூட வாயால் சொல்லவேண்டும். கட்டுரை இங்கிலீஷ் என்றாலும் எண்களைத் தமிழில்தான் வாசிப்போம். பிஃப்டீனும் பிஃப்டியும் காதுக்கு ஒன்றுபோல விழும், பதினைந்தும் ஐம்பதும் அப்படி விழாது என்பது அக்காவின் காரணம். நான் பூச்சியம் என்றால் அவர் சிரிப்பார். அவருக்கு அது சைபர். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்தாமல் பல வருசம் அப்படியே வாசித்தோம்.

வேலை குறைந்த நாட்களில் பின்னறைக்குப் போய்ப் பழைய தொகுதிகளைப் புரட்டுவேன். இதழின் கதை எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. சில உள்ளூர் டொக்டர்மார் சேர்ந்து தொடங்கியிருக்கிறார்கள். லண்டனில் இருந்து கப்பலில் வரும் இதழ்களில் அந்த ஊர் நோய்கள்தான் இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்கிறவனின் நோயை நாங்கள்தானே எழுதவேண்டும் என்று முதல் இதழின் முன்னுரையில் இருந்தது. ஆரம்பத்தில் பள்ளிக்கூடக் கொப்பி அளவுக்கு மெல்லிய இதழ். வாந்திபேதி, மலேரியா, கொக்கிப்புழு, பிரசவக் காய்ச்சல். அட்டையில் டொனிக் விளம்பரம். உலகப் போர்க்காலத்தில் தாள் கிடைக்காமல் எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்துப்போயிற்று. அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள்.

முதலில் ஓர் ஆசிரியர் தன் மேசையில் வைத்தே எதைப் போடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுத்திருக்கிறார். பிறகு வந்தவர், ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவர் பெயரை மறைத்து வெளியே இரண்டு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கத் தொடங்கினார். பெரிய டொக்டர்மாருக்கு அது பிடிக்கவில்லை. என் கட்டுரையைப் பார்க்க இன்னொருவனா என்று சிலர் கோபித்து எழுதியதையும் அவர் அப்படியே அச்சில் போட்டுவிட்டார். நோயாளிகளின் படங்களிலும் காலம் தெரியும். முதலில் முழு முகம், சிலவேளை பெயரும் ஊரும் கூட. பிறகு கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. பிறகு நோயாளியிடம் சம்மதம் வாங்காமல் படமே இல்லை. அந்த முழு முகங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முகாமில் வரிசையில் நிறுத்தி எங்களையும் படம் எடுத்திருக்கிறார்கள், யாரும் எங்களைக் கேட்டதில்லை.

சண்டை முடிந்து சில வருசத்தில் நாங்கள் ஊர் திரும்பினோம். கலியாணம் உருத்திரபுரத்தில் நடந்தது. வேலையை விட்டுவிட்டு வந்ததுதான் மனதுக்குள் கிடந்து அரித்தது. அப்போது இதழ் இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பொறுப்பாசிரியர் ஒரு பெண் டொக்டர். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். ஒருநாள் அவரே கூப்பிட்டு, அங்கே இன்டர்நெட் இருந்தால் இங்கே இருந்து செய்த வேலையை அங்கே இருந்து செய்யலாமே என்றார். மாமி முன்னறையில் இருந்த நெல் மூட்டைகளை உள்ளுக்கு எடுப்பித்து எனக்கு ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தந்தா. மருமகள் இந்தியா டொக்டர்மாரின்ர பிழை திருத்திறா என்று அவா அயலில் சொல்லிக்கொண்டு திரிந்ததை நிறுத்த எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இதழின் ஆண்டு நிறைவுக்கு ஒரு சிறப்பிதழ் போடுவதாக முடிவாகி, அதன் சரித்திரத்தைச் சில பக்கங்களில் எழுதும் பொறுப்பை மேடம் என்னிடம் தந்தார். அதற்குச் சற்று முன்தான் பழைய தொகுதிகள் எல்லாவற்றையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த வேலையைச் செய்த நிறுவனம், கணினியைக் கொண்டே படத்தில் உள்ள எழுத்தை வாசிப்பித்துத் தனி எழுத்துப் பக்கமும் செய்து வைத்திருந்தது. படத்தையும் பார்க்கலாம், எழுத்துப் பக்கத்தையும் பார்க்கலாம். எங்கள் பக்கத்து இணைப்பில் படம் திறக்க வெகுநேரம் பிடிக்கும். அதனால் இங்கே இருப்பவர்கள் எழுத்துப் பக்கத்தைத்தான் வாசிப்பார்கள்.

அன்று காலை, அட்டவணைகளை எந்தக் காலத்தில் எப்படி அச்சிட்டார்கள் என்று பார்ப்பதற்காகப் பாம்புக்கடி பற்றிய ஒரு கட்டுரையைத் திறந்தேன். பழைய அச்சுக்காரர்கள் புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடுவதில்லை. வெறும் புள்ளி, பக்கத்தில் ஐந்து. புள்ளிக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம் என்ற விதி பின்னால்தான் வந்தது. ஏன் வந்தது என்பது அந்த நிமிசத்தில் எனக்கு உறைத்தது. படத்தில் புள்ளி மங்கலாக, ஒரு தூசி மாதிரி இருந்தது. கணினி அதைத் தூசி என்றே நினைத்துத் தட்டிவிட்டிருந்தது. எழுத்துப் பக்கத்தில் ஐந்து மட்டும் நின்றது.

பாம்புக்கடி பற்றிப் பழைய கட்டுரை தேடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். மாமி பிரஷருக்குக் குளிசை எடுக்கக் கிளினிக் போகும் வைத்தியசாலையில் வவுனியாப் பக்கத்தில் இருந்து வந்த ஓர் இளம் பெண் டொக்டர் இருக்கிறா. முந்தின கிளினிக்கில், இதழின் பழைய தொகுதிகள் எல்லாவற்றையும் இனி யாரும் இலவசமாக வாசிக்கலாம் என்று கேள்விப்பட்டு, பாம்புக்கடி பற்றி ஏதும் இருக்குமோ என்று என்னிடம் விசாரித்தா. அரிவு வெட்டுக் காலம் பாம்புக்கடிக் காலமும்தான். வாட்டுச் சுவரில் ஒட்ட ஒரு சிகிச்சை அட்டவணை தயாரிப்பதாகவும் அப்போது சொல்லியிருந்தா.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தேன். காலை நேரம் வாட்டைச் சுற்றி நோயாளரைப் பார்க்கும் நேரம் என்று தெரிந்திருந்தும், நெஞ்சு கேட்கவில்லை. மேடத்துக்கு எடுத்தபோது அவர் உடனே எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு, எல்லாத் தொகுதிகளின் எழுத்துப் பக்கங்களையும் இணையத்தில் இருந்து இப்போதே எடுக்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

“நீ அந்த டாக்டரைப் போய்ப் பாரும்மா,” என்றார். “போன்ல வேண்டாம். நேர்ல போ.”

மனிசன் வயல் வரம்பில் நின்றார். மெசின் ஒரு சுற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசிக்குள் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். வெட்டுக்கு ஆள் நிற்காவிட்டால் மெசின்காரன் மூலை முடுக்கை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று எனக்கும் தெரியும். ஓட்டோ பிடிச்சுப் போறன் என்றேன். அவர் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

“நெல்லு எங்கயும் ஓடாது,” என்றார். “நீர் மோட்டார் சைக்கிளில ஏறும்.”

மோட்டார் சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் மனதுக்குள் கணக்கு ஓடியது. அட்டவணை ஒட்டியாகிவிட்டதா? ஒட்டியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? பத்து மடங்கு மருந்து ஒரு பிள்ளைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதை இத்தனை வருசம் மெய்ப்புப் பார்த்ததில் ஓரளவு அறிந்திருந்தேன். அறியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ரோட்டோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். இவர் அதை விலக்கி விலக்கி ஓட்டினார்.

வாட்டில் டொக்டர் இல்லை. உள்ளே ஒரு வேலையில் நிற்கிறா, இருங்கோ வருவா என்று நேர்ஸ் சொன்னா. திரும்பிப் பார்த்தால் சுவரில் அட்டவணை. புத்தம் புதிது, நாலு மூலையிலும் பிளாஸ்டர் மினுங்கியது. கிட்டப் போனேன். கண் தானாக எண்களைத் தேடியது. அந்த மருந்தின் பெயருக்கு நேரே பூச்சியம், புள்ளி, ஐந்து. மூன்றும் தெளிவாக இருந்தன. திரும்பவும் வாசித்தேன். விரலை வைத்தும் வாசித்தேன்.

அப்படியே பக்கத்தில் போட்டிருந்த மர வாங்கில் இருந்துவிட்டேன். எதிர்க் கட்டிலில் ஒரு பெண் சாய்ந்து இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தா. காலில் வீக்கம், பெருவிரலுக்குப் பக்கத்தில் துணிக்கட்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாங்க, உங்களையும் கடிச்சிருச்சா?” என்று கேட்டா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கராயனில் வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கப் போன இடத்தில் கடித்ததாம். பெற்றோர் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் என்றும், தோட்டத்தில் அட்டைக்குப் பயந்தவர்கள் இங்கே வந்து பாம்புக்குப் பயப்பட வேண்டியிருக்கு என்றும் சொன்னா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தன் போத்தலில் இருந்து எனக்குத் தண்ணீரும் ஊற்றித் தந்தா.

டொக்டர் வந்ததும் எழும்பி நின்று, நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். அவா குறுக்கிடாமல் கேட்டா.

“மருந்தளவுகள் எல்லாம் அமைச்சின்ர புதுக் கையேட்டில இருந்துதான் எடுத்தனான் அக்கா,” என்றா. “பழைய கட்டுரையில ஆரும் அளவு பாக்கிறதில்லை. நான் அதை வாசிச்சது வேற விசயத்துக்கு.”

அந்தக் காலத்தில் பரிசோதனைக்கு ஒரு வசதியும் இருந்திராது என்று அவா விளக்கினா. அதனால் அந்த டொக்டர்மார் நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்து, கண்ணிமை எப்போது சரியத் தொடங்கியது, பேச்சு எப்போது குழறியது, விழுங்க எப்போது கஷ்டப்பட்டார் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று நேர்ஸ்மாருக்குச் சொல்லிக் கொடுக்க அவாவுக்கு அந்த வரிகள்தான் வேண்டியிருந்தன. அட்டவணையின் கீழ்ப்பாதி முழுக்க அதுதான் இருந்தது. நான் எண்ணை மட்டும் தேடியதில் அதைக் கவனிக்கவே இல்லை.

நீங்கள் அந்த ஐந்தைக் காணவில்லையா என்று கேட்டேன். கட்டுரையில் இருந்த அட்டவணைப் பக்கம் தான் போகவே இல்லை என்றா. கண்டிருந்தால் அன்றைக்கே எனக்குப் போன் எடுத்திருப்பாவாம். பிறகு ஏதோ யோசித்தா. முகம் கொஞ்சம் மாறியது. கட்டுரை நன்றாக இருக்கிறது என்று தன்னோடு படித்த இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தாவாம். ஒருவர் முல்லைத்தீவில், மற்றவர் வவுனியாவில்.

என் முன்னாலேயே இருவருக்கும் போன் எடுத்தா. முல்லைத்தீவு டொக்டர் அதைத் திறக்கவே இல்லை என்றார், நேரம் கிடைக்கவில்லையாம். அவர் வாசிக்காமல் விட்டதற்கு எனக்கு அவர் மேல் அன்பு பொங்கியது. வவுனியா டொக்டர் எடுக்கவில்லை. நாங்கள் வாட்டு வாசலில் காத்து நின்றோம். என் மனிசன் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இருந்து எட்டி எட்டிப் பார்த்தார். வவுனியாவில் இருந்து அழைப்புத் திரும்பி வந்தபோது டொக்டர் அதை ஸ்பீக்கரில் போட்டா. ஓம், வாசிச்சனான், அந்த அளவைக் கண்டு சிரிச்சும் போட்டன் என்றது அந்தப் பெண் டொக்டரின் குரல். யாரோ யானைக்கு வைத்தியம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாவாம்.

“சிரிச்சிட்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டா டொக்டர்.

“பழைய காலத்து ஆக்கள் எழுதினது, அப்பிடித்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்.”

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். டொக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் அவாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை, கையை விடும்போதுதான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வயல் வெறுமையாக நின்றது. பக்கத்து வயல்காரர் மூலை முடுக்கு ஒன்றும் விடாமல் வெட்டுவித்து, மூட்டைகளைத் தறப்பாளால் மூடியும் வைத்திருந்தார். மேடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டது கடல் தாண்டி எனக்குக் கேட்டது. இணையதளம் நடத்துபவர்களைக் கேட்டுப் பார்த்ததில், அந்தப் பக்கத்தை வெளியார் மிகச் சிலரே திறந்திருக்கிறார்கள் என்றும், அவர்களுக்கெல்லாம் நேரே எழுதப்போவதாகவும் சொன்னார். மாமி சோற்றோடு கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தா. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

பிழைகளைத் திருத்தும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கணினி எங்கெங்கே புள்ளிகளைத் தட்டிவிட்டது என்று கணினியையே கேட்டு அறிய முடியவில்லை. அட்டவணைகளை மனிதர்தான் ஒப்பிட வேண்டும். ஓய்வு பெற்றிருந்த அக்காவை மேடம் கேட்டபோது, கண் ஒப்பரேஷன் செய்த பிறகு தனக்கு ஊசியும் தெரிகிறது, புள்ளியா தெரியாது என்று அவர் உடனே ஒப்புக்கொண்டாராம். தினமும் மத்தியானம் போனில் வாசித்தோம். அவர் சென்னையில் மூலத் தொகுதியை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பார். நான் இங்கே திரையில் தொடர்வேன். எண்களாகவே கேட்டதில் மாமி முதல் சில நாள் நான் கணக்கு வாத்தியார் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நினைத்தா. வாசிப்பின் நடுவே நாங்கள் ஊர்க்கதையும் கதைத்தோம். இன்னும் சில இடங்களில் புள்ளிகள் விழுந்திருந்தன. ஆபத்தானவை என்று சொல்ல ஒன்றிரண்டுதான். மற்றவை பிள்ளைகளின் நிறை, காய்ச்சலின் அளவு இப்படி. எல்லாம் சரியான பிறகே எழுத்துப் பக்கங்கள் திரும்ப ஏறின.

சரித்திரக் கட்டுரையை அதற்குப் பிறகுதான் என்னால் ஒழுங்காக எழுத முடிந்தது. அதுவரை எழுதி வைத்திருந்தது வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. எல்லாம் வளர்ச்சி, எல்லாம் பெருமை. அதை அழித்துவிட்டு, ஒவ்வொரு காலத்திலும் இந்த இதழ் தன் பிழையை எப்படி ஒப்புக்கொண்டது என்று பார்த்து எழுதினேன். ஆரம்பத்தில் சின்னத் துண்டுத்தாளை இதழுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி. பிறகு கட்டுரை இருக்கும் அதே இடத்திலேயே திருத்தம். கணினி தட்டிவிட்ட புள்ளிகளைப் பற்றியும் எழுதினேன். இதைச் சிறப்பிதழில் போடத்தான் வேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். மேடம் போட்டார். பாம்புக்கடிக் கட்டுரையின் திருத்த அறிவித்தலையும் முன் பக்கங்களிலேயே போட்டார்.

இதழ் தபாலில் வந்தபோது மாமி அட்டையைத் தடவிப் பார்த்து, படமே இல்லையே என்றா. என் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அடுத்த கிளினிக்குக்குப் போனபோது டொக்டருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவா அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் மாமியின் கையில் பட்டியைச் சுற்றினா. பிரஷர் நன்றாக இருந்தது. குளிசையைக் குறைக்கலாம் என்றா. வரும் வழியில் பஸ் மாறச் சந்தியில் இறங்கித் தோடம்பழம் வாங்கினோம். மாமி பஸ்ஸிலேயே ஒன்றை உரிக்கத் தொடங்கிவிட்டா.